குழிக்குள் எழுதிய பட்டியல்

சென்ற வருடம் ஒரு மதியம், சாப்பிட்டு வந்த தூக்கக் கலக்கத்தில், அலுவலகத்தில் எங்களுக்குத் தந்திருக்கும் ஏஐ உதவியாளரிடம் ஒற்றை வரியில் ஒரு வேலை சொன்னேன். வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரே மொபைல் எண்ணோடு இரண்டு மூன்று தடவை பதிவாகியிருப்பவர்களைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்க்ரிப்ட் வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. மொபைல் எண்வாரியாகப் பதிவுகளைப் பிரித்து, கடைசியாகத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்தி, ஆகப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடும் ஸ்க்ரிப்ட். வரிக்கு வரி விளக்கக் குறிப்பு வேறு.

படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் சிஸ்டத்தில் பழைய பதிவை அழிக்கவே கூடாது. பழைய பதிவின் எண்ணோடுதான் பில்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. அது போனால் பில்கள் அநாதை. அப்படி அழிப்பதைத் தடுக்கும் கட்டுப்பாடும் அந்தப் பழைய டேட்டாபேஸில் கிடையாது. இன்னொன்று, ஒரே மொபைல் எண் என்றால் ஒரே ஆள் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் ஒரு நம்பரை அப்பா, அம்மா, மகன் மூவரும் கொடுத்திருப்பார்கள். சில சமயம் பக்கத்து வீட்டுப் பாட்டியும்.

ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. ‘நான் சொல்லவே இல்லையே, அதுக்கு எப்படித் தெரியும்’ என்றுதான் தோன்றியது. டீ ஒன்று வாங்கிவந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து பொறுமையாக எழுதினேன். அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது, எதோடு எது கட்டப்பட்டிருக்கிறது, ஏன் பழையதை வைத்துக்கொள்ள வேண்டும், புதியதிலிருந்து முகவரியை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணில் வேறு வேறு பெயர் இருந்தால் தொடாதே, தனிப் பட்டியல் போடு. சரியாகச் சேர்த்ததற்கு ஓர் உதாரணம், தப்பாகச் சேர்த்ததற்கு ஓர் உதாரணம். எதையும் உடனே அழிக்காதே, எத்தனை வரி பாதிக்கப்படும் என்று முதலில் காட்டு. கடைசி வரி: ஐயம் இருந்தால் ஊகித்துவிடாதே, தொடங்கும் முன் என்னிடம் கேள்.

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இந்த முறை அது மூன்று கேள்விகள் கேட்டது. மூன்றும் நல்ல கேள்விகள். பதில் சொன்னேன். வேலை முடிந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இதே தவறை, புதியதை வைத்துப் பழையதை அழிக்கும் அச்சு அசலான இதே தவறை, ஏற்கெனவே ஒருவர் செய்திருக்கிறார். 2019இல். என் டீமில். அன்று நான் டீ வாங்கிவந்து பொறுமையாக உட்காரவில்லை.

*

நல்ல பிராம்ப்ட் எழுதுவது எப்படி என்று இப்போது எங்கள் அலுவலகத்தில் புதியவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது விளையாட்டாகக் கற்றுக்கொண்டது, இரண்டு வருடத்தில் வேலையின் ஒரு பகுதி ஆகிவிட்டது. அந்த வகுப்பில் சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை.

இந்த மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. அதன் பிறகு, சொன்னதைக் கேட்டு நடக்கும்படி மனிதர்கள் அவற்றைத் திருத்திப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் நிறுவனம், உங்கள் வாடிக்கையாளர், போன மாதம் மீட்டிங்கில் நடந்த சண்டை எதுவும் அதற்குத் தெரியாது. நீங்கள் விடும் இடைவெளியை அது வெறுமையாக விடாது. உலகம் பொதுவாக அந்த இடத்தில் எதை வைக்குமோ அதை வைத்து நிரப்பிவிடும். இரட்டைப் பதிவு என்றால் புதியதை வைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். எங்கள் வழக்கம் வேறு. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

எனவே, யாருக்காக இந்த வேலை என்று சொல்லுங்கள். முடிந்தபின் எப்படி இருந்தால் சரி என்று சொல்லுங்கள். ‘செய்யாதே’ என்று மட்டும் சொல்லாமல் ஏன் செய்யக் கூடாது என்றும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால், நீங்கள் எழுத மறந்த இடத்திலும் அது ஓரளவு சரியாக நடந்துகொள்ளும். உதாரணம் கொடுங்கள். ஜிபிடி-3 பற்றிய 2020ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் மையமே அதுதான்: கேள்வியோடு நாலைந்து உதாரணங்களைச் சேர்த்துக் கொடுத்தாலே, அந்த வேலைக்கென்று தனியாகப் பழக்காமல், பல வேலைகளை மாதிரி கணிசமாக நன்றாகச் செய்கிறது. பிறகு, கேள்வி கேட்க இடம் கொடுங்கள்.

வகுப்பில் யாராவது ஒருவர் சிரிப்பார். “அண்ணா, இது மனுசங்களுக்கும் பொருந்துமே.” நானும் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

அன்று மதியம் அடுத்த ஸ்லைடுக்குப் போக முடியவில்லை. சாட் வரலாற்றில் அவர் பெயரைத் தேடினேன். ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் குப்பை கொட்டுவதில் இது ஒரு வசதி, எதுவும் தொலைவதில்லை. 2019 ஆகஸ்ட், மாலை ஆறு மணிக்கு மேல் நான் அனுப்பியது இதுதான்:

“அந்த கஸ்டமர் டேபிள்ல டூப்ளிகேட்ஸ் க்ளீன் பண்ணிடு. நாளைக்கு டெமோ.”

எட்டு வார்த்தை. இயந்திரத்துக்கு எழுதியதை எண்ணிப் பார்த்தேன். 640. எண்ணிவிட்டு அந்த ஜன்னலை மூடிவிட்டேன்.

*

அன்று நடந்தது சுருக்கமாக: அவர் சேர்ந்து ஐந்து மாதம். சிறுநகரம் ஒன்றில் தமிழ்வழியில் படித்து, பொறியியல் முடித்து, கேம்பஸில் தேர்வாகி வந்தவர். இன்னும் புரொபேஷன் காலம். நான் சொன்னதை அன்று இரவே முடித்தார். மறுநாள் காலை டெமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து பார்த்தால், பாதி பில்களில் வாடிக்கையாளர் பெயர் இல்லை. டெமோவைத் தள்ளிவைத்தோம். அன்றிரவு மூன்று மணி வரை உட்கார்ந்து பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். மறுநாள் என்னைப் பலரும் பாராட்டினார்கள்.

ஆண்டு இறுதியில் அவருடைய அப்ரைசலை நான்தான் எழுதினேன். ‘சொன்னதை மட்டும் செய்கிறார். தானாக யோசிப்பதில்லை. ஹேண்ட் ஹோல்டிங் தேவைப்படுகிறது.’ புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டித்தார்கள். அது முடியும் முன்பே அவர் வேலையை விட்டுவிட்டார். ஃபேர்வெல் கேக் வெட்டினோமா என்றுகூட எனக்கு நினைவில்லை.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை எல்லோரும் சின்ன வயதில் படித்திருப்போம். 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான கதை. அதில் குரு கிழக் குதிரை மேல் போவார். தலைப்பாகை மரக்கிளையில் தட்டி விழுந்துவிடும். சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் போய்க் கேட்டால், எடுக்கச் சொல்லவில்லையே என்பார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பார் குரு. அடுத்து குதிரை சாணி போடும், அதையும் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு வருவார்கள். குரு கோபப்பட்டு, விழுந்தால் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுப்பார். பிறகு குருவே ஒரு குழியில் விழுவார். சீடர்கள் ஓலையைப் பிரித்துப் படித்து, பட்டியலில் இருந்த அவருடைய உடுப்புகளை எல்லாம் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். குருவின் பெயர் பட்டியலில் இல்லை. கடைசியில் அவர் குழிக்குள் கிடந்தபடியே, தன்னையும் எடுக்க வேண்டும் என்று ஓலையில் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கி விடுவார்கள்.

எத்தனை முறை சிரித்திருப்போம் சீடர்களைப் பார்த்து! இப்போது படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. குரு ஒரு தடவைகூட ‘எதற்காக’ என்று சொல்வதில்லை. தலைப்பாகையை ஏன் எடுக்க வேண்டும், சாணியை ஏன் எடுக்கக் கூடாது என்று அவர் விளக்குவதே இல்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆணையை நீட்டுகிறார். பட்டியலில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரிவது, அவரே குழிக்குள் விழுந்த பிறகுதான்.

2019இல் நான் குழிக்குள் விழவில்லை. விழ வேண்டிய நேரத்தில் எனக்குப் பதிலாக இன்னொருவர் விழுந்தார். அதனால் எனக்குப் பட்டியல் எழுத வேண்டிய தேவை வரவில்லை.

*

ஏன் இயந்திரத்திடம் இவ்வளவு பொறுமை? இந்தக் கேள்வியைச் சில மாதங்களாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். முதலில் வந்த பதில் எனக்கு வசதியானது: வயதாகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது. முப்பத்தாறு வயதுக்கு இது கொஞ்சம் அதிகமான பெருமை என்பதால் நம்பவில்லை. இன்னொரு பதில்: மனிதருக்குப் பொது அறிவு உண்டு, இயந்திரத்துக்கு இல்லை, அதனால் விளக்க வேண்டியிருக்கிறது. இதுவும் நிற்காது. ஐந்து மாத அனுபவமுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த அட்டவணையின் பத்து வருட வரலாறு பொது அறிவில் எப்படி வரும்?

உண்மையான பதில் கொஞ்சம் அசிங்கமானது. இயந்திரம் செய்யும் தவறுக்கு நான் அப்ரைசல் எழுத முடியாது. அந்த ஸ்க்ரிப்ட் டேட்டாபேஸைக் கெடுத்திருந்தால் மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். ‘ஏஐ தப்பா எழுதிருச்சு சார்’ என்று சொன்னால் சிரிப்பார்கள், ‘நீ பாத்தியா இல்லையா’ என்பார்கள். அங்கே பழியை இறக்கிவைக்க ஆள் இல்லை. எனவே சொல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன். மனிதருக்கு வேலை சொல்லும்போது அந்த எட்டு வார்த்தைக்கும் முழு வேலைக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தை அவர் கடந்தாக வேண்டும். கடந்துவிட்டால் என் டீம் கெட்டி. கடக்காவிட்டால் அவர் மட்டம். இரண்டிலும் என் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. தெளிவாகப் பேசுவது ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். பழியைத் தள்ளிவிட வழியில்லாத இடத்தில்தான் அந்தத் திறமை எனக்கு வந்திருக்கிறது.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், 71ஆவது. அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவன், அரசன் வாய் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து மனதை அறிய வேண்டியதைப் பற்றியது. இன்னொன்று காமத்துப்பாலில், 110ஆவது. காதலர்கள் ஒருவர் பார்வையை மற்றவர் படிப்பதைப் பற்றியது. ஒரே தலைப்பு, ஒரே திறமை, இரண்டு வேறு உலகம். காதலில் இரண்டு பேரும் குறிப்பறிகிறார்கள். அரசவையில் அறிய வேண்டியவன் கீழே நிற்பவன்.

எங்கள் வீட்டில் அப்பா “அது எங்க?” என்றுதான் கேட்பார். காலையில் ‘அது’ என்றால் மூக்குக் கண்ணாடி, சாயங்காலம் என்றால் துண்டு, மாத முதல் வாரம் என்றால் பேங்க் பாஸ்புக். அம்மா ஒரு தடவைகூடத் தப்பாக எடுத்துக் கொடுத்ததில்லை. நாற்பது வருட இல்லறம், பாதிச் சொல்லே போதும் என்று நான் உருகியிருக்கிறேன், கல்லூரியில் அதைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கிறேன். சமீபத்தில் பேச்சுவாக்கில் அம்மாவிடம் கேட்டேன், “எப்படிம்மா கரெக்டா தெரியுது உனக்கு?” அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “தெரியாட்டி கத்துவாரே.”

110ஆவது அதிகாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது 71ஆவது அதிகாரம்.

அலுவலகமும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ‘ப்ரோஆக்டிவ்’ என்று அப்ரைசலில் பாராட்டுகிறோமே, அதில் பாதி, மேலே இருப்பவர் சோம்பலில் சொல்லாமல் விட்டதைக் கீழே இருப்பவர் பயத்தில் ஊகித்துக்கொண்டது. யார் பாதிச் சொல்லில் பேசுகிறார், யார் மீதிப் பாதியை நிரப்புகிறார் என்று பார்த்தால் போதும். அங்கே அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆர்கனைசேஷன் சார்ட் இல்லாமலே வரைந்துவிடலாம். இயந்திரத்துக்குப் பயம் இல்லை. அதனால் அது எனக்காக ஊகிப்பதில்லை, உலகத்தின் சராசரியை ஊகிக்கிறது. என் பாதிச் சொல் எவ்வளவு பாதி என்று எனக்குக் காட்டியது அதுதான்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் ‘இயந்திரத்திடம் பேசுவது போல மனிதரிடமும் பேசுங்கள்’ என்ற நீதியோடு முடிந்திருக்கும். நானும் அப்படித்தான் திருந்தப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனுக்கு முதல் வேலை சொல்லும்போது, பின்னணி, காரணம், உதாரணம், எல்லைகள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்து வந்தது. பார்த்தவுடன் தெரிந்தது, அது அவன் எழுதியதில்லை.

“ஏஐல போட்டியா?”

“ஆமாண்ணா. நீங்க அனுப்புனதே பிராம்ப்ட் மாதிரிதான் இருந்துச்சு. அப்படியே பேஸ்ட் பண்ணிட்டேன்.”

கோபப்பட முடியவில்லை. அவன் சொன்னது சரி. நான் அவனுக்கு எழுதவில்லை, அவன் இடத்தில் யார் இருந்தாலும் செய்துவிடக்கூடிய ஒன்றுக்கு எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் நானே யோசித்து முடித்து, அவன் யோசிக்க ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் கொடுத்திருந்தேன். எட்டு வார்த்தையில் இருந்தது ஒருவகை அவமதிப்பு என்றால், இந்த ஒரு பக்கத்தில் இருந்தது இன்னொரு வகை.

விட்கென்ஸ்டைனின் ‘தத்துவ ஆய்வுகள்’ அவர் இறந்த பிறகு, 1953இல் வெளிவந்தது. அதில் போகிற போக்கில் ஓர் உதாரணம் வரும். குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டு என்று ஒருவர் உங்களிடம் சொல்கிறார். நீங்கள் தாயக்கட்டை உருட்டிச் சூதாடக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அவர் பதறிப்போய், நான் அந்த மாதிரி விளையாட்டைச் சொல்லவில்லை என்கிறார். விட்கென்ஸ்டைன் கேட்பது: அவர் ஆணை சொன்ன நேரத்தில் ‘சூதாட்டம் கூடாது’ என்பது அவர் மனதில் வந்துபோயிருக்க வேண்டுமா என்ன? வந்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும், நான் அதைச் சொல்லவில்லை என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். எந்த ஆணையும் முழுமையாக இருக்க முடியாது. 640 சொல்லும் போதாது, 6,400 சொல்லும் போதாது. நமக்கே தெரியாத நிபந்தனைகளோடுதான் நாம் பேசுகிறோம். அவை மீறப்படும்போதுதான் அவை இருந்ததே நமக்குத் தெரியவருகிறது. பரமார்த்த குருவின் பட்டியல் குழியில் விழுந்ததோடு முடிந்திருக்காது, அடுத்து ஆறு வரும். எனவே எட்டு வார்த்தையில் சொன்னது மட்டும் என் குற்றமாக இருக்க முடியாது. அவசரத்தில் எல்லோரும் எட்டு வார்த்தையில்தான் பேசுகிறோம். சிநேகிதர்கள் இரண்டே வார்த்தையில் பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. ஏனென்றால் ‘என்னடா சொல்றே?’ என்று திருப்பிக் கேட்க அங்கே வழி இருக்கிறது.

அப்படியானால் பார்க்க வேண்டியது சொன்னதன் நீளத்தை இல்லை. திருப்பிக் கேட்க முடிந்ததா என்பதை. இந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. சந்தேகம் இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கலாமே? நான் என்ன சிங்கமா, புலியா?

*

பள்ளியில் நன்னூல் நடத்தும்போது வினா ஆறு வகை என்று மனப்பாடம் செய்திருப்போம். அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. அறி வினா ஆசிரியர் கேட்பது, பதில் தெரிந்துகொண்டே. ஐய வினாவுக்கு எங்கள் தமிழம்மா சொன்ன உதாரணம்: அங்கே கிடப்பது பாம்போ கயிறோ? ஏவல் வினா, கேள்வி போல இருக்கும் ஆணை. ‘சாப்பிட்டாயா?’ என்றால் போய்ச் சாப்பிடு என்று அர்த்தம்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏவல் வினாவை விளக்கவே வேண்டாம். “இன்னிக்கு முடிச்சிடலாமா?” “கொஞ்சம் பாத்துடறீங்களா?” நாங்கள் மீட்டிங்கில் பேசும் கேள்விகளில் முக்கால்வாசி அதுதான். மேலிருந்து கீழே வருவது ஏவல் வினா. கீழிருந்து மேலே போக வேண்டியது ஐய வினா. முதலாவதைக் கேட்க எந்தத் தைரியமும் வேண்டாம். இரண்டாவதைக் கேட்பவர், தனக்குத் தெரியவில்லை என்பதை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அதுவும் நாளை தனக்கு மதிப்பெண் போடப்போகிறவர் முன்னால்.

இதை யோசித்துக்கொண்டிருந்த ஓர் இரவு, அந்தப் பழைய சாட்டை மறுபடியும் திறந்தேன். முதல் தடவை என் எட்டு வார்த்தையை எண்ணிவிட்டு மூடியிருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அதற்குக் கீழே ஸ்க்ரோல் செய்யவில்லை. இப்போது செய்தேன்.

பதினைந்து நிமிடம் கழித்து அவர் எழுதியிருக்கிறார்: “அண்ணா, ஒரே நம்பர்ல ரெண்டு ரெகார்ட் இருந்தா எதை வெச்சுக்கணும்? பழசா, புதுசா?”

பாம்போ, கயிறோ. இதைவிடச் சுத்தமான ஓர் ஐய வினாவை யாரும் கேட்க முடியாது. அந்த வேலையில் கேட்க வேண்டியிருந்த ஒரே கேள்வி அதுதான். ஐந்து மாத அனுபவத்தில் அந்தப் பெண் நேராக அந்த இடத்தில் விரலை வைத்திருக்கிறார்.

என் பதில் ஏழு நிமிடம் கழித்து: “காமன் சென்ஸ் யூஸ் பண்ணும்மா. மீட்டிங்ல இருக்கேன்.”

அதற்கு அவர் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார். பிறகு இரவு பதினொன்றரைக்கு: “முடிச்சிட்டேன்ணா.”

இது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. அப்ரைசல் எழுதியபோதும் நினைவில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ‘தானாக யோசிப்பதில்லை’ என்று எழுதியது பொய் என்று தெரிந்து நான் எழுதவில்லை. எனக்கு வந்த கேள்வியை நான் மறந்தேன், கேட்டவரைக் கேட்காதவர் என்று பதிவு செய்தேன். ஐந்து வருடம் கழித்து ஓர் இயந்திரத்திடம் ‘ஐயம் இருந்தால் தொடங்கும் முன் என்னிடம் கேள்’ என்று கெஞ்சி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறேன், ஐந்தாவது ஸ்லைடு.

*

அவர் எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். பிராம்ப்ட் எழுதுவதில் தேர்ந்தவன் என்று பெயர். பின்னணியைச் சொல்லலாம், காரணத்தைச் சொல்லலாம். எனக்கு என்ன வேண்டும் என்பதுதான் எழுத வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

இப்போது வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கிறார். அவரே ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறார். குசலம் விசாரித்தோம். பிறகு சொன்னேன், “அந்த டூப்ளிகேட் விஷயம்... நீங்க அன்னிக்குக் கேட்டிருக்கீங்க. பழசா புதுசான்னு. நான்தான் பதில் சொல்லல. இப்பதான் பாத்தேன்.”

‘நீ’ என்று பேசிப் பழகியவரிடம் ‘நீங்க’ எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஏதோ குழந்தை டிவி பார்க்கும் சத்தம்.

“ஞாபகம் இருக்குண்ணா. நான் அப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன்.”

“அப்ரைசல்ல அதைக் காட்டியிருக்கலாமே?”

“யார்கிட்டண்ணா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தம்பிக்கு அந்த வருடம் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, கன்ஃபர்ம் ஆகிவிடும் என்று நம்பி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை, அந்த வருடம் மழை ஜாஸ்தி என்பது போலச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லண்ணா” என்றார். அந்தப் ‘பரவால்ல’ எனக்காகச் சொன்னது, பேச்சு நீளாமல் இருக்கச் சொன்னது. எனக்கு அது புரிந்தது. அவரிடமிருந்து இன்னொரு தடவை குறிப்பறிதலை வாங்கிக்கொள்ளக் கூடாது என்று சும்மா இருந்தேன்.

வைக்கும் முன் அவர் கேட்டார்.

“இப்ப எதுக்குண்ணா இதைச் சொல்றீங்க? எனக்காகவா, உங்களுக்காகவா?”

இதுவா, அதுவா. மறுபடியும் ஐய வினாதான், 2019இல் கேட்டது போலவே சரியான இடத்தில் விரல். காமன் சென்ஸ் யூஸ் பண்ணு என்று இந்த முறை சொல்ல முடியாது. மீட்டிங்கும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

“தெரியல. பாதிக்கு மேல எனக்காகத்தான்னு நினைக்கிறேன்” என்றேன்.

“சரிண்ணா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அட்லீஸ்ட் பதில் சொன்னீங்க” என்று சேர்த்துக்கொண்டார்.